இடக்கை எங்கே?

திருவரங்கத்து உத்தர வீதியில் நமக்கு நண்பர் ஒருவர் உண்டு. வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர். வைணவர். காலையில் பெருமாள் சேவை தவறாதவர். மாலையில் ஐரோப்பிய இசைத்தட்டுகளைக் கேட்கத் தவறாதவர். சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை அவர் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். உள்ளிருந்து ஆர்கன் இசை மெல்ல எழுந்தது. அவசரமே அறியாத இசை. ஒரு சுரம் மறு சுரத்தின்மேல் சாய்ந்து, உறுத்தி, பின்பு வழிவிட்டு நகர்கின்ற இசை.

"இது உங்காத்துச் சங்கீதம் சார்" என்றார் நண்பர். "பூசையில சாமியார் அப்பத்தை உயர்த்தறச்சே வாசிக்கணும்னே எழுதினதாம். உங்க கோவில்ல கேட்டிருப்பேளே?"

நாம் விடை சொல்லவில்லை. சொல்ல விடை இல்லை. அது ஜிரோலாமோ ஃபிரெஸ்கோபால்தி 1635இல் வெனிஸ் நகரில் வெளியிட்ட 'ஃபியோரி மூசிக்காலி' என்னும் தொகுப்பிலிருந்து ஒரு பகுதி. ஃபிரெஸ்கோபால்தி உரோமையில் தூய பேதுரு பேராலயத்தின் ஆர்கன் இசைஞராக இருந்தவர். மூன்று திருப்பலிகளுக்கான இசை அத்தொகுப்பில் உண்டு. எழுந்தேற்றத்துக்கென்றே தனிப் பகுதிகளும் உண்டு. அவற்றைக் கத்தோலிக்கராகிய நமக்கு ஒரு திருவரங்கத்து வைணவர் அறிமுகம் செய்துவைக்க வேண்டியிருந்தது.

நம்மை மௌனமாக்கியது அறியாமை மட்டுமன்று. அதற்கு முந்திய ஞாயிறன்று நம் நகரக் கோவில் ஒன்றில் அதே எழுந்தேற்றத்தின்போது நாம் கேட்டது என்ன? பாடகர் குழுவின் கீபோர்டில் தாளப் பொறி விழித்த நிலையிலேயே இருந்தது. ஒரு கட்டையைத் தொட்டாலே முழக்கம் தொடங்கிவிடும் ஏற்பாடு அது. இளைஞரின் விரல் தவறிப் பட்டதும் குருவின் கைகளில் அப்பம் உயர்ந்திருக்க, டிரம் முழங்கத் தொடங்கியது. பதறிப்போன இளைஞர் நிறுத்தும் பொத்தானைத் தேடி, முடிவுப் பொத்தானை அமுக்கிவிட்டார். பொறி தன் கடமையில் தவறாமல் ஒரு முத்தாய்ப்பு வாசித்து, சிம்பலை ஓங்கி அடித்து ஓய்ந்தது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் முகம் சுளிக்கவுமில்லை. பழகிவிட்டது. நம்மை வருத்தியது அந்தப் பழக்கமே.

கீபோர்டைக் குறைசொல்ல நாம் எழுதவில்லை. அதில் 'ஸ்டைல்' என்று ஒரு பொத்தான் வரிசை உண்டு. வாசிப்பவர் வலக்கையால் மெட்டை வாசிக்கிறார். இடக்கை ஒரு விரலாலோ மூன்று விரலாலோ ஒரு கட்டைக் கூட்டத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டால் போதும். டிரம், பேஸ், கிட்டார் அனைத்தையும் பொறியே வாசித்துவிடும். இவ்வாறு நம் கோவில்களில் இடக்கை வேலையிழந்தது. இப்போது வலக்கைக்கும் அந்நிலை வந்துகொண்டிருக்கிறது. முன்னதாகவே பதிவு செய்த 'டிராக்'கை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு அதன்மேல் பாடுகின்ற குழுக்கள் பெருகிவிட்டன. பல இந்துக் கோயில்களில் நாதசுரமும் தவிலும் ஒலித்த இடத்தில் மின்விசை மேளம் ஒன்று மணியையும் முரசையும் தானே அடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு நாம் வருந்துவதுண்டு. நம் பாடகர் மாடத்தில் நிற்பதும் அதே பொறிதான். வேறு உடை அணிந்திருக்கிறது, அவ்வளவே.

இதற்கு மாற்றாக நாம் முன்வைப்பது பலருக்கு வியப்பளிக்கலாம். நம் பாடகர் குழுவினரும், கீபோர்டு வாசிப்போரும், பங்குத்தந்தையரும் பரோக் காலத்து விசைப்பலகை இசையின் சிறந்த பதிவுகளை உட்கார்ந்து கேட்க வேண்டும் என்கிறோம். பரோக் காலம் என்பது ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை. இப்படிச் சொன்னவுடன் ஒரு குரல் எழும். "அது வெள்ளைக்காரன் இசை. பண்பாட்டுமயமாக்கலின் காலத்தில் ஏன் இந்தப் பழைய மோகம்?" என்று அக்குரல் கேட்கும். இக்கேள்வியை நாம் மதிக்கிறோம். ஆனால் இதைக் கேட்பவருள் பலர் கேட்கும் இடமும் நேரமும்தான் விந்தையானவை. ஜப்பானியக் கீபோர்டில் மேற்கத்திய நடனத் தாளத்தை ஓடவிட்டுக்கொண்டே அவர்கள் இதைக் கேட்கிறார்கள்.

அயல் எது, சொந்தம் எது? நம் பக்திப் பாடலின் உயிர்த்துணையாகக் கருதப்படும் ஆர்மோனியத்துக்கு 1842இல் பாரிஸ் நகரில் காப்புரிமை பெற்றவர் தெபேன் என்னும் பிரெஞ்சுக்காரர். பின்னர் கொல்கத்தாவில் அது தரையில் அமர்ந்து வாசிக்கும் பெட்டியாக மாறியது. அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடை விதித்தது. அத்தடை தளர்ந்தது 1971இல்தான். 1939இல் தொடங்கிய நம் திருச்சி வானொலி நிலையம் தன் முதல் முப்பது ஆண்டுகளில் பெரும்பகுதியை ஆர்மோனியம் இன்றியே கழித்தது எனலாம். அதற்காக அந்தப் பெட்டி தமிழரை விட்டுப் போய்விட்டதா? ஒரு கட்டை, இரண்டு கட்டை, ஐந்து கட்டை என்று சுருதியை அளக்கிறோமே, அந்தக் கட்டை எது? விசைப்பலகையின் கட்டைதான். தன்னைத் தூய கர்நாடக இசைவாணராகக் கருதுபவரும் விசைப்பலகையை வாயில் வைத்துக்கொண்டே சுருதி சொல்கிறார். பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கைக்கொண்டபோது அது எத்தனை அயலானதாக இருந்திருக்கும்! ஆந்திரத்தில் பிறந்த இசுலாமியரான ஷேக் சின்ன மௌலானா தஞ்சைப் பாணி நாதசுரத்தைக் கற்று, திருவரங்கத்தில் குடியேறி, அரங்கன் திருமுன் வாசித்து, 1998இல் சங்கீத கலாநிதி விருதும் பெற்றார். மறு ஆண்டு அவர் மறைந்தபோது திருவரங்கம் தன் மகனை இழந்ததாகவே கருதியது. பிறந்த இடம் இசையைச் சொந்தமாக்குவதில்லை. கற்ற உழைப்பே ஆக்குகிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் 119ஆம் பத்தியை நம் மேடைகளில் பலர் மேற்கோள் காட்டக் கேட்டிருக்கிறோம். மறைபரப்பு நாட்டு மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய இடம் தர வேண்டும் என்பது அதன் கருத்து. நாமும் அதற்குத் தலைவணங்குகிறோம். அதற்கடுத்த 120ஆம் பத்தியை மட்டும் ஏனோ யாரும் படிப்பதில்லை. குழல் ஆர்கனைப் பெரிதும் மதிக்கச் சொல்லும் பத்தி அது. பிற கருவிகளையும் தகுதி பார்த்து ஏற்கலாம் என்று இடமளிப்பதும் அதுவே. தகுதி பார்த்து என்பதை நாம் அடிக்கோடிட விரும்புகிறோம். நம் மறைமாவட்டத்தின் கலைக் காவிரி 1977 முதல் பரதத்தையும் கர்நாடக இசையையும் முறையாகப் பயிற்றுவித்து 119ஆம் பத்திக்கு உயிர் கொடுத்தது. 120ஆம் பத்திக்கு நாம் செய்தது, கடையில் ஒரு கீபோர்டு வாங்கியது.

பரோக் நமக்கு அயல் என்போர் இன்னொன்றையும் மறந்துவிடுகின்றனர். திருச்சிக்குக் கிழக்கே கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் யார்? 1680இல் இத்தாலியில் பிறந்து 1747இல் மறைந்தவர். பாக், ஹேண்டல், தொமேனிகோ ஸ்கார்லாத்தி மூவரும் 1685இல் பிறந்தவர்கள். முனிவர் இளமையில் இத்தாலியக் கோவில்களில் செவியுற்ற ஆர்கன் இசை எதுவாக இருந்திருக்கும்? தேம்பாவணியின் அடுக்கடுக்கான அணிகளையும் விரிவையும் கண்டு மலைப்பவர் அக்காலத்து ஆர்கன் இசையைக் கேட்டால் இரண்டும் ஒரே காலத்து மனத்தின் விளைவுகள் என்று உணர்வார். நம் தமிழ் இலக்கியத்தில் பரோக் முந்நூறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறது. அது பாடகர் மாடத்தில் ஏறினால்தான் அயலாகிவிடுமா?

வீரமாமுனிவருக்கு இசையில் ஓர் உடன்பிறப்பு உண்டு. தொமேனிகோ சிப்போலி 1688இல் பிராத்தோ நகரில் பிறந்தவர். உரோமையில் ஆர்கன் இசைஞராக இருந்தவர். 1716இல் ஆர்கனுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் எழுதிய தன் இசைநூலை வெளியிட்டார். அதே ஆண்டு புகழையெல்லாம் உதறிவிட்டு, நம் லூர்து அன்னை ஆலயத்தை எழுப்பிய அதே இயேசு சபையில் சேர்ந்தார். தென் அமெரிக்க மறைப்பணிக்குக் கப்பலேறினார். தேம்பாவணி தோன்றியதாகச் சொல்லப்படும் அதே 1726ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அர்ஜென்டினாவின் கோர்தோபாவில் காலமானார். பரகுவாய், பொலிவியக் காடுகளின் பழங்குடி மக்கள் ஆர்கன் செய்யக் கற்றார்கள், வாசிக்கக் கற்றார்கள், இயேசு சபையார் 1767இல் அங்கிருந்து துரத்தப்பட்ட பிறகும் ஏடுகளைப் படியெடுத்துக் காத்தார்கள். 1972இல் பொலிவியாவின் சிகித்தோஸ் பகுதிக் கோவில் ஒன்றைப் பழுதுபார்க்கும்போது ஆயிரக்கணக்கான இசைத்தாள்கள் வெளிப்பட்டன. சிப்போலியின் படைப்புகளும் அவற்றுள் இருந்தன. இசையைக் கையால் எழுதிக் கையால் வாசித்தவர்களிடம் இருநூறு ஆண்டு நின்றது. நம்மிடமுள்ள 'டிராக்' அடுத்த கைப்பேசி மாற்றம் வரை நிற்குமா?

பரோக் இசையை நாம் தேர்ந்ததற்கு அதன் பழமை காரணமன்று. நம் கீபோர்டு இளைஞர் செய்யும் வேலையே அன்றைய விசைப்பலகைக்காரருக்கும் முதல் வேலையாக இருந்தது. பாடுவோருக்குத் துணை வாசிப்பது அது. அவர் முன்னே முழுமையான இசைத்தாள் இராது. கீழ்ச்சுர வரிசை ஒன்றும், அதன் அருகே சில எண்களும் மட்டும் இருக்கும். இடக்கை அச்சுரத்தை வாசிக்க, எண்களைப் பார்த்த கணத்தில் வலக்கை மேற்சுரங்களைப் புனைந்துகொள்ள வேண்டும். இதற்கு 'ஃபிகர்டு பேஸ்' என்று பெயர். இடக்கையே அடித்தளம். பாக்கின் ஃபூகுகளிலோ இடக்கையும் வலக்கையும் சமமானவை. மூன்று குரல், நான்கு குரல். ஒன்று சொன்னதை மற்றொன்று ஏற்கும். எதுவும் எதற்கும் பக்கவாத்தியம் அன்று. அந்த இசைக்குப் பழகிய காது, அமுக்கிப் பிடித்த மூன்று விரலை நெடுநேரம் பொறுத்துக்கொள்ளாது.

"எங்கள் பிள்ளைகளுக்கு நொட்டேஷன் தெரியாது, கேள்வி ஞானம்தான்" என்பார்கள். நல்லது. அவர்களுக்கென்றே ஒருவர் வாழ்ந்திருக்கிறார். ஜெர்மானிய ஆர்கன் இசைஞர் ஹெல்முட் வால்ஹா 1907இல் பிறந்தவர். பத்தொன்பது வயதில் முழுப் பார்வையும் இழந்தார். ஒரு ஃபூகின் ஒவ்வொரு குரலையும் பிறர் தனித்தனியே வாசிக்கக் கேட்டு, ஒவ்வொன்றையும் மனத்தில் பதித்து, பின் அவற்றைத் தமக்குள் ஒன்றுசேர்த்தார். இம்முறையிலேயே பாக்கின் ஆர்கன் படைப்புகள் அனைத்தும் அவர் நினைவில் குடியேறின. 1947இல் தொடங்கி ஒருமுறை, 1956 முதல் 1971 வரை மறுமுறை என இருமுறை அவற்றைப் பதிவு செய்தார். ஆல்க்மார் நகரின் பழைய ஆர்கனில் அவர் வாசித்தவற்றைக் கேளுங்கள். வேகம் இல்லை, வித்தை காட்டல் இல்லை. ஒவ்வொரு குரலும் கூட்டத்தில் தன் பெயரைச் சொல்லிவிட்டு நகர்வதுபோல் தெளிவாக இருக்கும். கேள்வி ஞானத்தின் உச்சியை அங்கே காணலாம். தாளை நோக்காதது குறையன்று, கேளாததே குறை.

செக் நாட்டு ஹார்ப்சிகார்டு கலைஞர் சுசானா ரூசிச்கோவா யூதப் பெண். பாக்கின் 'இங்கிலீஷ் சூட்' ஐந்தாவதன் சரபாந்து நடனத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஆஷ்விட்ஸ் முகாமுக்குப் போனவர். முகாம்களின் கட்டாய உழைப்பில் கைகள் சிதைந்தன. போருக்குப்பின் இனி வாசிக்க இயலாது என்று பலரும் கருதிய அந்தக் கைகளுக்கு மீண்டும் பயிற்சி கொடுத்தார். 1965 முதல் பத்தாண்டுகளில் பாக்கின் விசைப்பலகைப் படைப்புகள் அனைத்தையும் பதிவு செய்து முடித்தார். 2017இல் மறைந்தார். அவரது வாசிப்பில் சில இடங்கள் நமக்குக் கடினமாக ஒலிக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் பொத்தான் ஒன்று தமக்குப் பதிலாக வாசிக்கட்டும் என்று எந்தக் கையாவது சொல்ல உரிமை பெற்றிருந்தால், அது அந்தக் கையாக இருந்திருக்கும்.

பிரான்சுவா கூப்பரேன் 1690இல், இருபத்தொரு வயதில், இரண்டு ஆர்கன் திருப்பலிகளை வெளியிட்டார். ஒன்று துறவு மடங்களுக்கு. மற்றது பங்குக் கோவில்களின் பயன்பாட்டுக்கு என்று அவரே தலைப்பில் குறித்தார். பாடகர் ஒரு வரி பாட, அடுத்த வரிக்குப் பதிலாக ஆர்கன் பேசும். நம் கோவில்களில் இரு பக்கத்தாரும் மாறி மாறிச் செபமாலை சொல்வது போன்றதே. பங்கு மக்களுக்கு இத்தகைய இசை தகும் என்று ஓர் இளைஞர் நம்பினார். நாமோ பங்கு மக்களுக்கு இது போதும் என்கிறோம். இத்திருப்பலிகளை மரி-கிளேர் அலைன் பதிவு செய்திருக்கிறார். பாக்கின் ஆர்கன் படைப்புகள் முழுவதையும் மூன்று முறை பதிவு செய்தவர். உலகெங்கும் மேடை ஏறியவர். அப்படிப்பட்டவர் பாரிசுக்கு அருகில் சேன்-ஜெர்மேன்-ஆன்-லே கோவிலில் தந்தைக்குப்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பங்கு ஆர்கன் இசைஞராகவும் இருந்தார். பங்கில் வாசிப்பது அவருக்குத் தாழ்வாகத் தோன்றவில்லை.

கிளென் கூல்டின் பெயர் நம் வாசகர் பலருக்குத் தெரிந்திருக்கும். பாக்கின் கோல்ட்பெர்க் மாறுபாடுகளை 1955இல் இருபத்திரண்டு வயதில் மின்னல் வேகத்தில் வாசித்தார். 1981இல் அதையே நிதானமாக மறுபடியும் பதிவு செய்தார். மறு ஆண்டு மறைந்தார். கோவில் இசைக்காரர் இரண்டாவதிலிருந்து தொடங்குவது நலம். அதே படைப்பை 1933இலேயே ஹார்ப்சிகார்டில் பதிவு செய்து, மறந்துபோன அக்கருவிக்கு மறுவாழ்வு தந்த வாண்டா லாண்டோவ்ஸ்காவையும், ஸ்கார்லாத்தியின் 555 சொனாட்டாக்களைப் பதிவு செய்துவிட்டு முப்பத்தெட்டு வயதில் மறைந்த ஸ்காட் ராஸையும் இங்குப் பெயரளவில் குறிப்பிட்டு நகர்கிறோம்.

இத்தகைய இசை வசதி படைத்த வீட்டுக் கூடங்களோடு நிற்பதிலும் நமக்கு உடன்பாடில்லை. திருச்சியிலும் இலண்டன் தேர்வுகளுக்குப் பியானோ கற்கும் பிள்ளைகள் நிறைய உண்டு. தேர்வுக்கு மூன்று பாடம், சான்றிதழ், சட்டம் போட்ட நிழற்படம், அத்துடன் பெட்டி மூடப்படும். பாக்கின் மினுவே என்று அவர்கள் பெருமையோடு வாசிக்கும் ஜி மேஜர் மினுவே பாக்குடையதே அன்று. அவர் மனைவியின் 1725ஆம் ஆண்டு ஏட்டில் படியெடுக்கப்பட்டிருந்த பெட்ஸோல்ட் என்பவரின் படைப்பு. இதை எத்தனை வீட்டில் சொல்லிக்கொடுக்கிறார்கள்? எட்டாம் கிரேடு முடித்த பிள்ளைகள் ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்கின்றனர். மாடத்திலே பொறி வாசிக்கிறது.

தமிழ்ச் செவிக்கு இது ஒட்டாது என்பாருக்கு ஒரே ஒரு விடை. இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்' இசைத்தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். அதில் பாக்கைத் தம் வீட்டில் சந்தித்ததாகப் பெயரிட்ட பகுதியில் பாக்கின் மூன்றாம் வயலின் பார்த்தித்தாவின் தொடக்கம் ஒலிக்கிறது. அத்தொடக்கத்தைப் பாக் தாமே 1731இல் ஆர்கனுக்கு மாற்றி ஒரு கோவில் கான்டாட்டாவின் முகப்பில் வைத்தார். தமிழர் அந்த இசையைத் தேநீர்க் கடையிலும் பேருந்திலும் கேட்டு மகிழ்ந்தனர். ஒட்டாதது இசையன்று.

குழல் ஆர்கன் வாங்கப் பணம் ஏது, திருச்சி வெயிலில் அது தாங்குமா என்ற கேள்விகள் நியாயமானவை. நாம் ஆர்கன் கேட்கவில்லை. இருக்கின்ற அதே கீபோர்டு போதும். அதில் 61 கட்டைகள், ஐந்து ஸ்தாயி. பாக் 1722இல் தொகுத்த இருபத்து நான்கு பிரெலூடுகளும் ஃபூகுகளும் நான்கு ஸ்தாயிக்குள் அடங்கிவிடுகின்றன. ஆர்கன் ஒலியும் அப்பெட்டியில் உண்டு. ஸ்டைல் பொத்தானை அணைத்துவிட்டு இடக்கைக்கு வேலை கொடுத்தால் ஒரு ரூபாய்ச் செலவில்லை. செலவு வேறோரிடத்தில் இருக்கிறது. ஒலிபெருக்கிக்கும் மின்விளக்கு அலங்காரத்துக்கும் இலட்சங்களை ஒதுக்கும் பங்குப் பேரவை, வாசிக்கும் இளைஞருக்கு ஆசிரியர் ஒருவரை அமர்த்திக் கற்பிக்க எவ்வளவு ஒதுக்குகிறது? திருமணப் பூசைக்கு ஒன்று, அடக்கப் பூசைக்கு ஒன்று என்று ஓடிப் பிழைக்கும் அவரிடம் பக்தியை மட்டும் கேட்பது அறமாகாது.

எழுந்தேற்றத்தில் விரல் தவறிய அந்த இளைஞரைப் பாஸ்கா காலத்தில் ஒருநாள் திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்றோம். தொழிற்கூடம் ஒன்றில் பணியாற்றும் பிள்ளை. நண்பர் வால்ஹாவின் பதிவு ஒன்றை ஒலிக்கவிட்டார். இளைஞர் முதலில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் அதைச் சட்டைப் பையில் போட்டார். "ஐயா, கீழே ஓடுறது இடக்கைங்களா?" என்றார். "காலும்கூட" என்றார் நண்பர். ஆர்கனில் கால்களுக்கும் கட்டைகள் உண்டென்பதை அவர் அதுவரை அறிந்திருக்கவில்லை. அதே பகுதியை நான்கு முறை கேட்டார். மாம்பழச்சாலை வழியாகத் திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தின்மேல் பேசவேயில்லை. இடக்கை விரல்கள் மட்டும் பேருந்தின் முன்னிருக்கைக் கம்பியில் அசைந்துகொண்டிருந்தன.

அடுத்த ஞாயிறு அவர் ஸ்டைலை அணைத்துவிட்டு வாசித்தார். இடக்கை தடுமாறியது. காணிக்கைப் பாடலின் இரண்டாம் சரணத்தில் பாடகர் குழு தாளம் தப்பியது. குழுத் தலைவி திரும்பி முறைத்தார். திருப்பலி முடிந்ததும் பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர் மாடியேறி வந்து, "மெஷின் ரிப்பேரா தம்பி? பில்லைக் கொடுத்தால் சரிபார்த்துவிடலாமே" என்று அன்போடு கேட்டார். இளைஞர் நம்மைப் பார்த்தார்.

"மெஷின் நன்றாக இருக்கிறது" என்றோம்.